எக்மோர் மியூசியத்துக்கு ஒரு பகல்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

உச்சிப்புளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மெட்ராஸ் போகிறோம். காலையில் ரயிலை விட்டு இறங்கினால் சாயங்காலம் ரிசப்ஷன் வரைக்கும் வேலை எதுவும் இல்லை. வீட்டில் தி.நகர் என்கிறார்கள். எனக்கு எக்மோர் மியூசியத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அம்மாவுக்கு மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது. பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது. சிலை, கல்வெட்டு, காசு, ஓவியம், திமிங்கல எலும்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதாமே? ஒரு பகலில் முடியுமா? முடியாதென்றால் எதை விடலாம்?

பாம்பன் வாடை:

முடியாது தம்பி. அது ஒரு கட்டடம் இல்லை, பாந்தியன் சாலையில் ஒரு வளாகம் முழுக்க. கல் சிலைகள் ஒரு பக்கம், வெண்கலச் சிலைகள் தனிக் கட்டடம், விலங்கு பறவை எல்லாம் இன்னொரு பக்கம், ஓவியத்துக்கு ஹென்றி இர்வின் கட்டிய அந்தச் சிவப்புக் கல் மாளிகை, அது போகக் குழந்தைகளுக்கென்று ஒரு மியூசியம், நாடக அரங்கு, ஒட்டினாற்போல் கன்னிமாரா நூலகம். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் கால்தான் வலிக்கும், ஒன்றும் மனதில் நிற்காது.

1851ல் ஆரம்பித்த இடம். முதலில் கல்லூரிச் சாலையில் இருந்தது, 1854ல் எழும்பூருக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்கிற டாக்டர். மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையும் அவர் காலத்தில் இதே வளாகத்தில்தான் தொடங்கியது. அப்புறம் இரண்டும் பிரிந்ததும் ஊர்க்காரர்கள் அதை உசிர் காலேஜ் என்றும் இதைச் செத்த காலேஜ் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்க அய்யா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

எக்மோர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம். உங்கள் வண்டி எக்மோர் வரைக்கும் வருமா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. அதை மறக்காதீர்கள்.

கீழக்கரை காக்கா (சிங்கப்பூர்):

வெள்ளிக்கிழமை லீவு என்றதும் நம்மூர் மதரஸா ஞாபகம் வந்துவிட்டது :) ஊருக்கு வரும்போதெல்லாம் ஃப்ளைட் இறங்கி மெட்ராஸில் ஒரு நாள் தங்குவோம். அது எப்படியோ வெள்ளிக்கிழமையாகவே அமைந்துவிடுகிறது. இன்னும் உள்ளே போகவில்லை. டீச்சரம்மா இந்தப் பக்கம் வந்தால் ஏதாவது சொல்வார்கள், காத்திருக்கிறேன்.

தேவிபட்டினம் டீச்சர்:

வந்துவிட்டேன் காக்கா. உச்சிப்புளித் தம்பிக்கு ஒரே யோசனை: வெண்கலச் சிலைக் கூடத்துக்கு முதலில் போங்கள். காலும் கண்ணும் களைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும்.

ஏன் என்றால், கோயிலில் உற்சவரை நாம் பார்ப்பது பட்டும் மாலையும் சாத்திய பிறகுதான். முகமும் பாதமும் தெரிந்தால் பெரிய விஷயம். இங்கே முழு உடம்பும் தெரியும், முதுகும் தெரியும். பின்னால் போய்ப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதற்குக் கீழே தோளில் புரளும் சுருள்சடை, பூணூல் முதுகில் இறங்கும் விதம், இடுப்பு ஆடையின் முடிச்சு. பட்டுக்குள்ளே மறையப்போகிறது என்று தெரிந்தே இத்தனையும் செய்திருக்கிறார்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும், திருவிழாவில் தண்டு செருகித் தூக்குவதற்கு. சில முகங்களில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். பாலும் தயிரும் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து வந்த மழுக்கம் அது.

திருவெண்காட்டு அர்த்தநாரியைத் தேடிப் பிடியுங்கள். 11ஆம் நூற்றாண்டு. பையனிடம் "இதில் எத்தனை கை, எண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று. சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. அப்புறம் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் நேராக இறங்கும், இடப்பக்கம் வளைந்து வெளியே வரும். வலது தொடையோடு ஆடை நின்றுவிடும், இடது காலில் சேலை கீழே வரை போகும். ஒரு வலக்கை வெறும் காற்றில் சாய்ந்திருக்கும். அது காளையின் மேல் ஊன்றிய கை, காளை மட்டும் இல்லை. இரண்டு உடம்பையும் ஒட்டிய இடம் எது என்று நான் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், அகப்படவில்லை.

பக்கத்திலேயே திருவாலங்காட்டு நடராஜர். சுற்றிலும் தீவட்டம் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அதனால் உடம்பின் ஆட்டம் மட்டும் தனியாகத் தெரிகிறது. பிரான்ஸ் சிற்பி ரோடான் இந்தச் சிலையின் போட்டோக்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்வார்கள். அதன் மேல் வண்டல்மண்ணைப் பூசிக் காய வைத்து, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆக ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

முகவை இளவல்:

டீச்சரம்மா சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் அங்கே போனால் நெஞ்சை அடைக்கிறது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், ஒரு விளக்கு இல்லாமல், நம்பர் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறோம். உத்தரகோசமங்கை மரகத நடராஜரை வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பில்தான் பார்க்கிறோம். ஆருத்ராவை ஒட்டித்தான் சந்தனத்தைக் களைகிறார்கள், அதற்கு ராத்திரி முழுக்கக் கூட்டம் நிற்கிறது. மறைந்திருப்பதுதான் அங்கே தரிசனமே. சாமி முதுகைப் பார்க்க வேண்டும் என்று யார் அழுதார்கள்? எந்தக் கோயிலில் எடுத்தார்களோ அந்தக் கோயிலுக்கே கொடுத்துவிட வேண்டியதுதானே?

தேவிபட்டினம் டீச்சர்:

இளவல் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் கருவறையில் இருந்து தூக்கி வந்தவை என்று மொத்தமாக நினைத்துவிடக் கூடாது. இவற்றில் நிறைய மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்புப் பயத்தில் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள், புதைத்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். நூற்றாண்டுகள் கழித்து யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைக்கிறது. 1878ல் வந்த புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், அப்படியே மியூசியத்துக்குப் போகிறது. பக்கத்தில் கோயில் இருந்தால் சரி, இல்லையென்றால்?

நாகப்பட்டினத்தில் 1856லிருந்து சுமார் 350 புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் கணிசமானவை எக்மோரில்தான் இருக்கின்றன. அங்கே இருந்த விகாரம், அதாவது புத்த மடம், இன்றைக்கு இல்லை. யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலில் இருந்து நடராஜரைத் திருடி, அது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரைக்கும் போய், 2014ல்தான் திரும்பி வந்தது. பூசை நின்ற கோயிலில் வைத்தால் காவலுக்கு யார்? நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சிலைக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்கிறேன்.

முகவை இளவல்:

சரி, புத்தர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். திருவெண்காட்டில் கோயில் இன்றைக்கும் இருக்கிறது, பூசையும் நடக்கிறது. அதற்கு என்ன பதில்?

தேவிபட்டினம் டீச்சர்:

என்னிடம் பதில் இல்லை தம்பி. திருவெண்காட்டில் பூமிக்குள் கிடைத்தவற்றில் சில தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கின்றன. ரிஷபவாகனர் அதில் ஒன்று. தலைப்பாகை போலச் சடையைச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளை மேல் சாய்ந்து நிற்பார். அந்த ஊர்க்காரர்களே தங்கள் சாமியைப் பார்க்க இரண்டு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பாம்பன் வாடை:

சாமி சண்டையை விடுங்கள். அந்த மியூசியத்துக்கும் நம்ம கரைக்கும் இருக்கிற உறவை யாரும் சொல்லக் காணோமே.

எட்கர் தர்ஸ்டன் என்று ஒரு வெள்ளைக்காரர் 1885லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் அங்கே சூப்பிரண்டாக இருந்தார். ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதியவர், ஆட்களை நிற்க வைத்து மூக்கை அளந்தவர். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை குறைவுதான். ஆனால் அவர் முதலில் ஓடி வந்தது எங்கே? ராமேஸ்வரம், பாம்பன். முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்கள் பற்றி 1890ல் ஒரு நூல் போட்டார். மியூசியம் 1894ல் ஆய்விதழ் தொடங்கியபோது முதல் இதழே முத்தும் சங்கும்தான். ராமேஸ்வரம் தீவைப் பற்றித் தனியாக இன்னொன்று. 1927ல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு. இன்றைக்கும் கடல் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

ஆக விலங்கியல் பக்கம் சங்கு, சிப்பி, பவளம் வைத்திருக்கிற இடத்தை வேகமாகத் தாண்டாதீர்கள். நம்ம கடலடிப் பார்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் அள்ளிப்போன காலம் ஒன்று இருந்தது. என் மாமா ஒருவர் வாலிபத்தில் சங்கு குளித்தவர், அவரோடு போயிருந்தேன். பவளத்தைக் கண்ணாடிக்குள்ளே பார்த்துவிட்டு, "இதைத்தானடா மூட்டை மூட்டையா சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போட்டோம். இப்ப ஒரு துண்டு மடியில இருந்தா வனத்துறை ஜீப்பு வந்துரும்" என்றார். உண்மைதான். 2001லிருந்து பவளமும் கடல் அட்டையும் புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கின்றன. சங்குகளுக்கு முன்னால் மாமா நின்ற நேரத்தில் நான் வெளியே போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டேன்.

தொண்டிப் படகு:

திமிங்கல எலும்புக்கூட்டையும் சொல்லுங்கண்ணே. பிள்ளைகளுக்கு வேறு எதுவும் தேவையில்லை, அதன் கீழே நின்றால் போதும்.

கீழக்கரை காக்கா (சிங்கப்பூர்):

வாடை அண்ணன் கடலைப் பற்றிச் சொன்னதால் இங்கே இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஆற்றோரத்தில் ஆசிய நாகரிக மியூசியம் இருக்கிறது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுப் பக்கம் 1998ல் ஒரு கப்பல் அகப்பட்டது. 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பல், சீனாவிலிருந்து சரக்கு ஏற்றித் திரும்பியது. உள்ளே 60,000க்கும் மேலான பீங்கான் பாத்திரங்கள். பெரும்பாலும் சாங்ஷா ஊர்க் கிண்ணங்கள், பெரிய ஜாடிக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் வருஷக் கணக்குக்குப் பொருந்தும் தேதி எழுதியிருக்கிறது.

நான் அந்தக் கிண்ணங்களைவிடக் கப்பல் கட்டிய முறையைத்தான் அதிக நேரம் படித்தேன். ஆணியே இல்லை. பலகையில் துளை போட்டுக் கயிற்றால் தைத்தது. என் உம்மாவின் வாப்பா காலத்துத் தோணிக் கதைகளில் "தைத்த தோணி" என்று வரும், சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அந்த மாதிரிக் கப்பல்கள் போன வழியில் நாமும் இருக்கிறோம். பெரியபட்டினத்தில் 1987ல் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் செய்த வேலை. எங்கள் பக்கத்து ஊர்த் தென்னந்தோப்பில் கிடக்கிற ஓட்டுக்கு உறவுமுறை சிங்கப்பூர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

உச்சிப்புளிக்காரன்:

போய்விட்டு வந்தாச்சு! எல்லாருக்கும் நன்றி.

டீச்சர் சொன்னபடி வெண்கலத்தில் ஆரம்பித்தோம். அம்மா சிலைகளைவிட ஊர்ப் பெயர்களைத்தான் படிக்கச் சொன்னார்கள். நான் படிக்கப் படிக்க, "அது மாயவரத்துக்கிட்ட", "அந்த ஊருக்கு உங்க அப்பா போயிருக்காங்க" என்று ஒவ்வொன்றுக்கும் பதில். பக்கத்தில் நின்ற வேறு குடும்பம் ஒன்றும் அதைக் கேட்டுக்கொண்டே எங்களோடு வந்தது. அர்த்தநாரியிடம் மட்டும் அம்மா, "ஆம்பளைப் பக்கம் ரெண்டு கை, பொம்பளைக்கு ஒத்தைக் கை. வேலை பாக்குறது யாரு?" என்றார்கள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஜெயித்தது அமராவதி. வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் வட்டமாக ஒரு சிற்பம், புத்தர் கதையில் வரும் நளகிரி யானை. பொண்ணு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் மதம் பிடித்த யானை துதிக்கையில் ஆளைச் சுழற்றுகிறது, தெருவில் ஜனங்கள் சிதறுகிறார்கள், ஒரு பெண் பயத்தில் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்கிறாள். மாடி ஜன்னலில் வேடிக்கை பார்க்கிற தலைகள். அதே வட்டத்தின் இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. "அப்பா, ரெண்டு யானை இல்ல, ஒரே யானைதான். முதல்ல அங்க, அப்புறம் இங்க" என்று அவளே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

பையனுக்குப் பழைய கற்கருவிகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பல்லாவரத்தில் கைக்கோடாரியைக் கண்டெடுத்தவர், அவருடைய சேகரிப்பு 1904ல் இங்கே வந்தது என்று அவனுக்குச் சொன்னேன். கல்யாண மண்டபமும் பல்லாவரம் பக்கம்தான். போகிற வழியெல்லாம் ரோட்டோரக் கல்லையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓவியப் பக்கமும் காசுப் பக்கமும் போகவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். தி.நகருக்கும் போகவில்லை, அதற்கான வசவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம். அமராவதிக் கற்கள் சிலவற்றில் மேல்தோல் உரிந்தாற்போல் இருக்கிறதே, ஏன்?

தேவிபட்டினம் டீச்சர்:

மூணாவது படிக்கிற பிள்ளையா அதைச் சொன்னாள்? என் முத்தம் கொடுங்கள்.

அந்தக் கற்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குண்டூர்ப் பக்கம் அமராவதி ஸ்தூபத்தில் 1845ல் வால்டர் எலியட் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தோண்டி எடுத்தார். மெட்ராஸ் வந்து சேர்ந்து, அதில் ஒரு பகுதி 1859ல் லண்டனுக்குக் கப்பலேறியது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிற்பாடு தோண்டியெடுத்து இங்கே வந்தவற்றை 1880களில் சுவரோடு சேர்த்துப் பூசிப் பதித்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தோடு உப்பும் ஏறும். நம் கடற்கரை வீடுகளில் உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து கொட்டுகிறதே, அதே கதைதான்.

அழகன்குளம் வைகை:

எல்லாரும் சிலை, கல் என்று மெட்ராஸையே சுற்றுகிறீர்கள். எங்கள் ஊரில் 1986லிருந்து தொல்லியல் துறை தோண்டியதே, அது? வைகை கடலில் சேரும் இடம். ரோமானியக் காசு, மது ஜாடித் துண்டு, உருட்டு வடிவம் போட்ட பானை ஓடு எல்லாம் வந்தது. எனக்குப் பிடித்தது ஒரு பானை ஓடு. அதில் பாய்மரத்தோடு ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார்கள். கலைப் பொருளாகச் செய்தது இல்லை. கரையில் நின்ற யாரோ பார்த்ததைக் கிறுக்கியது. சோழர் வெண்கலத்துக்கு ஆயிரம் வருஷம் மூத்த கோடு அது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை இங்கே.

எங்கள் ஊர்ப் பொருளைப் பார்க்க நான் ஏன் ஒரு ராத்திரி ரயிலில் போக வேண்டும் என்பதுதான் என் வாதம். கீழடியில் தோண்டியதற்கு 2023ல் அந்த ஊர்ப் பக்கத்திலேயே மியூசியம் திறந்தார்கள். பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறார்கள். அந்த மாதிரி இங்கேயும் வேண்டும்.

பாம்பன் வாடை:

பங்காளி, பாதி வழி ஏற்கெனவே வந்தாச்சே. ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது, அழகன்குளம் பொருட்கள் அங்கேயும் வைத்திருக்கிறார்கள்.

அழகன்குளம் வைகை:

பார்த்திருக்கிறேன் அண்ணே. அது அரண்மனைக்குள் ஒரு ஓரம். எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்று என்பதுதான் கேட்பது.

முகவை இளவல்:

ராமலிங்க விலாசம் என்றதும் நான் பேசியே ஆக வேண்டும். எக்மோருக்கு ஆயிரம் சொல்லுங்கள், சுவர் ஓவியத்தில் நம் அரண்மனை பக்கம் அது வர முடியாது. கிழவன் சேதுபதி கட்டியது. உள்ளே சுவர், தூண், விதானம் என்று ஒரு இடம் விடாமல் படம், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியது. தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டையில் பீரங்கி, குதிரை, விழுந்து கிடக்கிற ஆள். இன்னொரு பக்கம் ராமாயணம். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், அவர்கள் முகத்தில் ஓவியனுக்கு ஒரு கேலி இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும்.

இந்தப் படங்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை, சுவரோடு இருப்பதால். அது நம் அதிர்ஷ்டம். டீச்சரம்மா, நீங்கள் இதற்கு எதிர்வாதம் பண்ண முடியாது.

தேவிபட்டினம் டீச்சர்:

பண்ண மாட்டேன் :) ஒன்று மட்டும். போகிறவர்கள் தயவுசெய்து ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், சுவரில் சாய்ந்து செல்ஃபியும் வேண்டாம். சண்டைக் காட்சியைக் கீழ் வரிசையிலிருந்து பாருங்கள். கால்கள், குளம்புகள், முறிந்த வாள் என்று ஓவியன் அங்கேதான் மனது வைத்து வேலை செய்திருக்கிறான்.

உச்சிப்புளிக்காரன்:

இருபது நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கிறேன், உள்ளே போனதே இல்லை. பொண்ணு அந்த வெள்ளைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே குதிக்கிறாள். இளவல் அண்ணே, நீங்கள் கூட வருவீர்களா?

முகவை இளவல்:

வருகிறேன் தம்பி. அரண்மனை எனக்குக் கூப்பிடு தூரம்தான், எந்தக் கிழமை திறப்பு என்று நாளைக்கு நேரில் கேட்டுவிட்டு இங்கேயே போடுகிறேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.